ஆறு மூலைத் தகட்டில் ஒரு முகம்

ஓல்ஷினா, 1684 அக்டோபர் 9

அன்புத் தம்பி மெல்கியோருக்கு அக்கா உர்ஷுலா எழுதுவது. சேசுநாதருக்குத் தோத்திரம். இங்கே நலம். நீயும் உன் பெண்டாட்டி எவாவும் நலமா? அவளுக்கு வாந்தி நின்றதா? புளித்த முட்டைக்கோஸ் தண்ணீரை வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா, இல்லை மறந்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டாயா?

இந்த வருஷம் காட்டில் காளான் கொட்டிக் கிடக்கிறது. நூலில் கோத்துக் கோத்து விரலெல்லாம் கறுத்துப் போயிற்று. பிளம்ஸ் பழத்தை மூன்று நாள் கிண்டினோம். கிண்டினோம் என்றால் நான் கிண்டினேன். என் நாத்தனார் தெக்லா பக்கத்தில் நின்று "அடிபிடிக்குது, அடிபிடிக்குது" என்று கட்டளை போட்டாள். புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை புண்ணியவதி.

உன் அத்தான் சௌக்கியம். போன வருஷம் வியன்னாப் போரிலிருந்து கொண்டுவந்த துருக்கிக் கம்பளத்தைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. வருகிறவர் எல்லோரும் அதன் கீழே உட்கார்ந்து போர்க்கதை கேட்டே ஆகவேண்டும். கேட்டுக் கேட்டு இப்போது நானே ஒரு துருக்கியனை வெட்டிச் சாய்த்த மாதிரி இருக்கிறது.

நிலவறைப் படியில் சறுக்கி விழுந்து இடது கை வீங்கியிருக்கிறது. எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. மார்ட்டின் திருநாளுக்கு வாத்து அடிக்கிறோம், கட்டாயம் வா. நீ இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது. வந்து என்னைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போ.

கடிதத்தை வழக்கம்போல உன் அத்தான் படித்துப் பார்த்துத்தான் முத்திரை வைப்பார். தன் அன்பையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உன் அக்கா
உர்ஷுலா

*

லிபினி, 1684 நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு, சேசுநாதருக்குத் தோத்திரம். நாங்கள் நலம். எவாவுக்கு வாந்தி நின்று இப்போது அகோரப் பசி. உன் கை வீக்கம் வற்றியதா?

மார்ட்டின் திருநாளுக்கு வரமுடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அந்த வாரம்தான் மாவட்டச் சபை கோயிலில் கூடியது. நில நீதிமன்றத்தில் துணை நீதிபதி இடம் காலி. மூன்று பேர் மோதினோம். எனக்கு ஆதரவாகப் பத்துக் குரல்கூட எழும்பவில்லை. அப்போது அத்தான் எழுந்தார் பார்! வாளை உருவித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "மெல்கியோர்தான்! வேற பேரச் சொல்ற வாய் எதுன்னு எனக்குக் காட்டுங்க, பாக்கலாம்!" என்று கத்தினார். கோயிலே கப்சிப். உன் தம்பி இன்று துணை நீதிபதி. அந்த நன்றியை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

சின்ன வயதிலிருந்தே உனக்குக் கால் தரையில் பாவாது. படியில் பார்த்து நட. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
மெல்கியோர்

*

ஓல்ஷினா, 1684 டிசம்பர் 15

துணை நீதிபதி ஐயா அவர்களுக்கு அக்காவின் வாழ்த்தும் சேசுநாதரின் தோத்திரமும். அப்பா இருந்திருந்தால் இந்தச் செய்திக்குத் தேன்மது பீப்பாயையே உடைத்திருப்பார். உடம்பைப் பார்த்துக்கொள். நீதிபதிகளுக்கு உட்கார்ந்தே தொப்பை போடுமாம்.

போன கடிதத்தில் துருக்கியனைப் பற்றி விளையாட்டாக ஒரு வரி எழுதிவிட்டேன். உன் அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. இனி அப்படி எழுதமாட்டேன். நீயும் யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே.

மறுபடியும் நிலவறைப் படியில் விழுந்தேன். இந்த முறை தாடையில் அடி, ஒரு பல் போயிற்று. கஞ்சிதான் இறங்குகிறது.

எவாவுக்கு மார்ச்சில்தானே? அவள் பிரசவத்துக்கு நான் வந்து நிற்காமல் யார் நிற்பது? மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பனிச்சறுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நீயே வந்து என்னை அழைத்துப் போ. ஆளை அனுப்பாதே, எழுதிக் கேட்காதே, நீயே வா. விருந்தாளி முற்றத்தில் நின்று கேட்டு இல்லை என்று சொன்ன வீடு இல்லை இது. ஒரு சின்ன மூட்டைதான் கொண்டுவருவேன். இப்போதே கட்டி வைத்துவிட்டேன்.

உன் அத்தானும் எவாவின் நலம் கேட்கிறார்.

உர்ஷுலா

*

லிபினி, 1685 ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு, சேசுநாதருக்குத் தோத்திரம். நாங்கள் நலம். உனக்குக் காய்ச்சல் என்று கேட்டு மனம் சங்கடப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறது?

உன்னை அழைத்துவருவது பற்றி அத்தானுக்கு முறையாக எழுதிக் கேட்டேன். வீட்டுத் தலைவரிடம் கேட்காமல் வண்டியோடு போய் நிற்பது நமக்கு அழகா? கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து நீ காய்ச்சலோடு படுத்திருப்பதாகவும், வைத்தியர் அசைக்கவே கூடாது என்றதாகவும் பதில் எழுதினார். எவாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் அம்மா வந்துவிட்டார். தங்கை சுசன்னாவும் கூட வந்திருக்கிறாள். பதினாறு வயது, நாள் முழுக்கச் சிரிப்பு. வீடே கலகலவென்று இருக்கிறது.

சவப்பெட்டித் தலைமாட்டில் பொருத்தும் உன் படத்துக்கு லெஷ்னோவிலிருந்து ஓவியரை வரவழைப்பதாகவும் அத்தான் எழுதியிருந்தார். அபசகுனம் என்று நினைக்காதே. நம் அம்மா விஷயத்தில் என்ன ஆயிற்று? செத்தபிறகு அவசரத்தில் சித்தியை உட்காரவைத்து வரைந்தார்கள். பெட்டித் தலைமாட்டில் சித்தியின் முகம், பக்கத்தில் சித்தி நின்று அழுதாள். சனங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! முன்கூட்டியே செய்துவைப்பது புத்திசாலித்தனம். வரைந்து வைத்தால் ஆயுசு கூடும் என்றும் சொல்வார்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

மெல்கியோர்

*

ஓல்ஷினா, 1685 பிப்ரவரி 20

மெல்கியோர்,

தோத்திரமும் நலவிசாரிப்பும் வழக்கம்போல் வைத்துக்கொள். இந்தக் கடிதம் அவர் கைக்குப் போகாது. ஓவியர் ஃபாபியான் தன் வண்ணப்பெட்டியில் வைத்து நேரே உன்னிடம் கொண்டுவருகிறார். ஆகவே ஒருமுறையாவது உள்ளதை எழுதுகிறேன்.

நான் எந்தப் படியிலும் விழவில்லை. நிலவறைக்குப் போகிற சாவியே என்னிடம் கிடையாது, முட்டாளே. அக்டோபரில் கையை முறுக்கினார். துருக்கியன் வரியை மனதில் வைத்திருந்து டிசம்பரில் ஒரு பல்லை உடைத்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விருந்தாளிகளுக்கு முன்னால் அவர் கதையில் ஒரு ஊர்ப் பெயரைத் திருத்திவிட்டேன். அவர்கள் போனபிறகு சவுக்கின் கட்டைப்பிடியால் இடது புருவத்தில் அடித்தார். எலும்பு தெரியப் பிளந்தது. அந்தக் காயம் சீழ்பிடித்துத்தான் காய்ச்சல். ஏழு வருஷமாக இப்படித்தான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். நீதான் "அவர் பெரிய வீரர் அக்கா, கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று கல்யாணமான முதல் வருஷமே சொல்லிவிட்டாயே.

வைத்தியர் நான் தவக்காலம் தாண்டமாட்டேன் என்றாராம். உடனே இவர் படத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுப் போஸ்னான் போய்விட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் தெக்லா ஜெபமாலையோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். ஓவியர் வந்து என் முகத்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் நிறமே மாறிவிட்டது.

"எப்பவும் இருக்கிற மாதிரி வரைஞ்சிடறேம்மா. இந்தக் காயம் வேண்டாம்" என்றார்.

"என் மாமனாருக்கு நீங்கதானே வரைஞ்சீங்க?"

"ஆமாம்மா."

"மூக்குமேல இருந்த மருவ விட்டீங்களா? ஒண்ணரைக் கண்ண விட்டீங்களா?"

"அத எப்படிம்மா விடறது? பெட்டியில இருக்கிற முகம் செத்தவங்க முகமாவே இருக்கணும்ல? நியாயத்தீர்ப்பு நாள்ல ஆண்டவர் 'இது யாரு'ன்னு கேட்டுடக் கூடாதில்ல?"

"மரு ஆண்டவர் குடுத்தது. இது என் புருஷன் குடுத்தது. ரெண்டும் மூஞ்சியிலதான் இருக்கு. வரைங்க."

"அம்மா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அப்போது தெக்லா எழுந்தாள். "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம்வரை திரும்பவில்லை. அன்று எனக்குப் பாலும் வரவில்லை.

ஒன்று கோணலாகப் போனால் மற்றது இருக்கட்டும் என்று ஓவியர் இரண்டு தகரத் தகடு கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஆறு மூலையாக வெட்டியது. ஒன்றில் என் புருஷனுக்கு வேண்டிய முகம். அதைப் பார்த்தால் எனக்கே என்மேல் பொறாமை வருகிறது. இன்னொன்றில் இருக்கிறபடி வரைந்தார். புருவத்துக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது ஆயிற்று. "நீலம் பத்தலம்மா" என்று அவர் முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் தையல் இழுத்தது.

இரண்டாவதைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன். துணியை அவிழ்த்து அந்த முகத்தைப் பார். நீ இப்போது நீதிபதி. வேறு சாட்சி உனக்கு வேண்டுமா? காய்ச்சல் இறங்கிவிட்டது, நான் சாகப்போவதில்லை. ஆனால் அடுத்த அடிக்கு என்ன ஆவேன் என்று சொல்லமுடியாது. ஈஸ்டருக்கு முன் நாலு ஆட்களோடு வா. சண்டை போட வேண்டாம். முற்றத்தில் வந்து நின்று "அக்காவைக் கூட்டிப்போக வந்தேன்" என்று சொல், போதும். நானே நடந்து வந்து வண்டியில் ஏறிக்கொள்வேன்.

உர்ஷுலா

*

லிபினி, 1685 ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு, சேசுநாதருக்குத் தோத்திரம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம்.

ஓவியர் கொண்டுவந்தது கிடைத்தது. எவா அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் காட்டியது என் தப்பு. நானும் பார்த்தேன். பார்த்ததைப் பற்றி எழுத வரவில்லை.

பல இரவு யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். நம் குலத்தார் ஒருவரை ஒருவர் "சகோதரரே" என்று கூப்பிடுகிறோம். சகோதரன்மேல் குறை கேட்டால் முதலில் அவரையே தனிப்படக் கேட்பதுதான் முறை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நீதிபதிக்கும் அழகல்ல. ஆகவே மரியாதையாக நாலு வரி எழுதி, அந்தப் படத்தையும் அத்தானுக்கே அனுப்பிவைத்துவிட்டேன். தன் கையால் செய்ததைத் தன் கண்ணால் பார்த்தால் எந்த மனுஷனுக்கும் வெட்கம் வரும். அவர் கெட்டவர் அல்ல அக்கா, முன்கோபி. நீ எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை, கவலைப்படாதே. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது.

உன் வாயும் கொஞ்சம் துடுக்குதான். ஊர்ப் பெயரைத் திருத்தாமல் இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

ஈஸ்டருக்கு நீதிமன்றக் கூட்டத்தொடர் இருக்கிறது. முடிந்ததும் ஒரு நடை வருகிறேன்.

மெல்கியோர்

*

ஓல்ஷினா, 1685 ஏப்ரல் 28

அன்புள்ள சகோதரருக்கு, சேசுநாதருக்குத் தோத்திரம்.

நான் நலம். என் கை சரியில்லாததால் நான் சொல்ல நாத்தனார் தெக்லா எழுதுகிறார். பிப்ரவரியில் நான் எழுதியது காய்ச்சல் வேகத்தில் எழுதியது. ஓவியரும் குடிகாரர். என் கணவர் என்னை அன்பாக நடத்துகிறார். நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லை. குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உர்ஷுலா

*

ஓல்ஷினா, 1685 மே 16

மதிப்புக்குரிய சகோதரர் மெல்கியோருக்கு ஹியரோனிம் எழுதுவது. சேசுநாதருக்குத் தோத்திரம். தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

உர்ஷுலா போய்விட்டாள். சந்தை நாளன்று காலையில் ஆற்றங்கரையில் அவள் காலணியும் தலைத்துணியும் கிடந்தன. கண்டெடுத்தவள் என் அக்கா தெக்லா. மூன்று நாள் வலைபோட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. காய்ச்சல் அவள் புத்தியைக் கலக்கியிருந்தது தாங்கள் அறிந்ததே.

தானே ஆற்றில் விழுந்தவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வெளியே தெரிந்தால் என் வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் மானம் போகும். தங்கள் பதவிக்கும் அது நல்லதல்ல. ஆகவே தொற்றுக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டியை மூடிவிட்டோம். தொற்று என்றால் யாரும் திறக்கச் சொல்லமாட்டார்கள். படம் தயாராக இருக்கிறது. சனங்கள் பார்க்க அந்த முகம் போதும்.

இருபத்தெட்டாம் தேதி அடக்கம். குடும்பத்தின் சார்பில் வழியனுப்பு உரையைத் தாங்கள்தான் நிகழ்த்தவேண்டும்.

ஹியரோனிம்

*

லிபினி, 1685 மே 19

மதிப்புக்குரிய அத்தானுக்கு, சேசுநாதருக்குத் தோத்திரம். தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதம் கண்டேன். நீங்கள் செய்ததே சரி. எவாவுக்குத் தொற்றுக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உரையை எழுதத் தொடங்கிவிட்டேன். பொறுமையும் இல்லறமும் பற்றிப் பேசலாமென்று இருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியில் பொருத்துவது ஓவியர் உங்களிடம் கொடுத்துப்போன அந்த நல்ல படம்தானே என்று தாங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்கியோர்

*

கன்னிமாடம், 1685 ஆகஸ்ட் 20

தம்பி,

சேசுநாதருக்குத் தோத்திரம். நான் நலம். கையெழுத்தைப் பார்த்து மயங்கி விழாதே, பிசாசு எழுதவில்லை. வலது கை கோணலாகக் கூடியிருப்பதால் இடது கையால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பொட்டலம் ஈஸ்டர் வாரத்தில் வந்தது. சாப்பாட்டு நேரம். அவன் அவிழ்த்துப் பார்த்தான். கத்தவில்லை. என் தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படத்தை வைத்து, அதன்மேல் கூழை ஊற்றி "சாப்பிடு" என்றான். சாப்பிட்டேன். பிறகு அதைத் தரையில் போட்டுக் காலணியால் நசுக்கினான். பிறகு என் கை. அதன்பிறகு உனக்கு ஒரு கடிதம் வந்திருக்குமே, நான் உன்னை "நீங்கள்" என்று எழுதிய கடிதம். பிறந்ததிலிருந்து ஒருநாளாவது உன்னை நான் நீங்கள் என்றேனா? அதைப் படித்துமா உனக்கு ஒன்றும் தோன்றவில்லை?

பதினைந்து நாள் தானிய அறையில் பூட்டி வைத்தான். சந்தை நாள் காலையில் அவன் தொழுவத்தில் இருந்தபோது தெக்லா வந்து கதவைத் திறந்தாள்.

"எந்திரி. பாலாடைக்கட்டி வண்டி போகுது, ஏறு."

"மதினி, நீங்களா?"

"உன் தம்பி அனுப்பின பொட்டலத்த முதல்ல பிரிச்சுப் பாத்தது நான்தான். ஒளிச்சு வைக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள அவன் வந்துட்டான்."

"அவருக்குத் தெரிஞ்சா உங்கள..."

"என் புருஷன் செத்தப்ப நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஏன்னு இந்த வீட்ல ஒரு நாய்கூடக் கேக்கல. பேசாம ஏறு. செருப்பக் கழட்டிக் குடு, தலைத்துணியும் குடு."

எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பாலாடைக்கட்டி மூட்டைகளுக்கு நடுவே ஐந்து மணி நேரம் படுத்துக் கிடந்தேன். இந்தப் பெண்ணை ஏழு வருஷம் எவ்வளவு ஏசியிருப்பேன் என்று நினைத்து அழுதுகொண்டே போனேன்.

போன வாரம் அவள் என்னைப் பார்க்க வந்தாள். என் அடக்கத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். பெட்டிக்குள் மணலும் என் கல்யாண மெத்தையும் இருந்தனவாம். நூற்றெட்டு மெழுகுவர்த்தியாம். தலைமாட்டில் அந்த அழகான முகமாம். "உன் தம்பி நல்லாப் பேசினான், பாதிக் கோயில் அழுதுது. 'புருஷன் நிழல்ல பூத்த பொறுமை'ன்னு உன் படத்தக் காட்டிச் சொன்னான்" என்றாள். பெட்டியில் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். உன் பதிலை அவன் அவளிடம் வாசித்துக் காட்டியிருக்கிறான். எந்தப் படம் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாயாமே.

போகட்டும். நான் செத்துவிட்டேன் என்று நினைத்துச் செய்தாய். இப்போது உயிரோடிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. வந்து என்னை வெளியே அழைத்துப் போ. கோயில்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரிடம் போய் இவள் என் அக்கா, உயிரோடிருக்கிறாள் என்று சொல். இங்கே கன்னியர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எனக்குப் பெயர் இல்லை, புருஷன் இல்லை, பிறந்த வீடு இல்லை. அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றும் தெக்லா சொன்னாள். எந்த வீட்டுப் பெண்ணோ பாவம். அவளுக்காகவாவது சீக்கிரம் வா.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

உர்ஷுலா

*

லிபினி, 1685 செப்டம்பர் 18

அக்கா,

ஆண்டவருக்குத் தோத்திரம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு முழங்கால் போட்டு அழுதேன். நீ உயிரோடிருப்பதைவிட எனக்கு வேறு சந்தோஷம் உண்டா? உன் கைக்கு நல்ல எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், வெதுவெதுப்பாகத் தேய்க்கச் சொல்.

ஆனால் நிதானமாக யோசித்துப் பார். மாவட்டமே வந்து நின்று பார்த்த அடக்கம் அது. நானூறு பேர். உன்னோடு பழகியவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்து இது உர்ஷுலாதான் என்று கண்ணீர் விட்டார்கள். இப்போது நீ எழுந்து வந்தால் நான் மணல் மூட்டைக்கு உரை நிகழ்த்திய துணை நீதிபதி. நாளைக்கு எந்த வழக்காளி என் முன் நிற்பான்? வாளை உருவி நின்றவர் தலை குனிந்தால் எனக்காக நின்றவர்களும் குனியவேண்டும். உனக்கு அங்கே அடி இல்லை, பயம் இல்லை, ஜெபமும் சாப்பாடும் உண்டு. வேறொரு பெயரில் வார்த்தைப்பாடு கொடுத்து நீயும் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கன்னிமாடத்துக்கு வருஷா வருஷம் மெழுகும் கோதுமையும் நான் அனுப்புகிறேன்.

நீ பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைத்துப் பயனில்லை. எவாவின் தங்கை சுசன்னாதான். நான்தான் பேசி முடித்தேன். உன் கடிதம் வருமுன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். அவர் இப்போது மாறிவிட்டார் அக்கா. அடக்கத்தன்று அவர் அழுததை நீ பார்த்திருக்கவேண்டும். சுசன்னாவும் உன்னைப்போல் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல.

நீ உயிரோடிருப்பது எவாவுக்குத் தெரியாது. சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி
மெல்கியோர்

*

கன்னிமாடம், 1685 அக்டோபர் 2

துணை நீதிபதி மெல்கியோருக்கு,

சேசுநாதருக்குத் தோத்திரம். எவா நலமா? குழந்தை நலமா? பெயர் என்ன என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. உன் நலத்தை நான் கேட்கவில்லை.

எண்ணெய்ப் புட்டியைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன். விளக்குக்கு ஆகும்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. நாள் முழுக்கச் சிரிப்பாள் என்று நீதானே எழுதினாய்? அவன் கதை சொல்லும்போது தப்பான இடத்தில் ஒருமுறை சிரித்தால் போதும். உன் கையில் என் முகம் இருந்தது, மெல்கியோர். துணியை அவிழ்த்துப் பார்த்தாய். புருவம் எப்படிப் பிளந்திருந்தது என்று இந்த மாவட்டத்தில் உனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டே உன் பெண்டாட்டியின் தங்கையை அந்த வீட்டுக்கு அனுப்புகிறாய். அவன் குடித்துவிட்டு அடித்தான். நீ தெளிந்த புத்தியோடு செய்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்று கூசுகிறது.

முதல் ஓலை ஏழாம் தேதி, இரண்டாவது பதினாலு, மூன்றாவது இருபத்தொன்று. நாள் கணக்கெல்லாம் நன்றாகத் தெரியும். மடத்துத் தலைவி எல்லாவற்றையும் எழுதி மேற்றிராணியாருக்கு அனுப்பிவிட்டார். வழியில் என்னை நிறுத்திப் பயனில்லை. மூன்றாம் ஓலைக்கு மேற்றிராணியாரின் ஆள் ஒருவர் உங்கள் கோயிலில் இருப்பார். தெக்லா வண்டியோடு வருகிறாள், நான் அவளோடு வருகிறேன். முக்காடு போடமாட்டேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில், எவாவுக்கும் சுசன்னாவுக்கும் நடுவில் உட்காருவேன்.

"இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்றவங்க உண்டா?" என்று சாமியார் கேட்பார். நான் எழுந்து நிற்பேன். யார் நீ என்று கேட்பார்கள். உர்ஷுலா என்பேன். அவள் செத்துப்போனாளே, நீதான் உர்ஷுலா என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவன் கோயிலில் இருக்கும்போது வேறு யாரையும் கேட்கமாட்டார்கள். சிலுவையில் கைவைக்கச் சொல்லி உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல், இவள் யாரென்று எனக்குத் தெரியாது என்று.

உர்ஷுலா